குறைச்சு எழுதச் சொன்ன பரீட்சை

ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகி, இன்னிக்கு மட்டும் என்னை வாயைத் திறக்கச் சொல்லிட்டு அமைதியா உக்காந்திருக்கிற விழாத் தலைவர், பல் டாக்டர் ஐயா அவர்களுக்கு என் முதல் வணக்கம். கைதட்டலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணாத முன்வரிசைப் பெரியவங்களே, ஒரு காதை எனக்கும் ஒரு காதை மடியில இருக்கிற பிள்ளைக்கும் பிரிச்சுக் குடுத்திருக்கிற தாய்மார்களே, பின்னாடி நின்னுக்கிட்டு 'எப்போ முடிப்பான்'னு ஃபோன்ல மணி பார்க்கிற என் ஆருயிர்த் தோழர்களே, இந்த வாசகர் மன்றத்து ஆண்டு விழாவுல உங்க அத்தனை பேருக்கும் வணக்கம்.

எனக்குக் குடுத்த தலைப்பு, மனித அறிவை அளக்க முடியுமா? நான் இதைக் காலேஜ்ல படிச்சவன் இல்ல. வீடியோ பார்த்துப் படிச்சவன். வீடியோவுக்குக் கீழ இருக்கிற கமெண்ட்டையும் பார்த்துப் படிச்சவன். அதனால உண்மையும் தெரியும், உண்மைக்கு வர்ற திட்டும் தெரியும்.

அறிவை அளக்க ஆசைப்படாத ஆள் உண்டா? ஒரு காலத்துல மண்டை ஓட்டுக்குள்ள கடுகைக் கொட்டி அளந்தாங்க. ஆமா தாயே, அதே கடுகுதான். வாணலிக்குப் போக வேண்டியதை வழுக்கை மண்டைக்குள்ள கொட்டினாங்க. எந்த மண்டையில நிறைய கடுகு பிடிக்குதோ அது அறிவாளி மண்டை. இதுல அதிசயம் என்னன்னா, அளந்தவர் ஆளுங்க மண்டையிலதான் எப்பவும் கடுகு அதிகம் பிடிச்சுது.

அப்புறம் ஒரு நல்ல மனுஷன் வந்தார். படிப்புல தடுமாறுற பிள்ளைங்களுக்கு உதவணும், யாருக்கு உதவி வேணும்னு கண்டுபிடிக்கணும்னு சின்னச் சின்னக் கேள்வியா ஒரு சோதனை செஞ்சார். இதை வெச்சு யாருக்கும் முத்திரை குத்தாதீங்கன்னும் சொன்னார். உலகம் என்ன பண்ணுச்சு? சோதனையை வாங்கிக்கிச்சு, எச்சரிக்கையை அங்கேயே விட்டுட்டு வந்துடுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு கட்சி. அறிவு ஒண்ணே ஒண்ணுதான், அது இருந்தா எல்லாம் வரும்னு ஒரு கட்சி. இல்ல இல்ல, அறிவு ஏழு வகை, எட்டு வகைன்னு இன்னொரு கட்சி. இதை ரொம்ப உணர்ச்சியா எங்கம்மாகிட்ட விளக்கினேன். அம்மா வெங்காயம் நறுக்குறதை நிறுத்தாமலே கேட்டாங்க. "எட்டு வகை இருக்காடா? அதுல உனக்கு எது குடுத்தாங்க?"

சரி சரி, பின்னாடியிருந்து 'கதைக்கு வா'ன்னு குரல் வருது. வந்துட்டேன்.

எங்கக்கா கதை. அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். 'சொல்லிக்கோ, ஆனா நான் அழுதேன்னு மட்டும் சேர்த்துடாதே, நான் அழல'ன்னு நிபந்தனையோட அனுமதி குடுத்திருக்கா.

அக்கா கண்ணாடிக் கடையில கண் பரிசோதிக்கிறவ. சின்ன இருட்டு ரூம், ஒரு உயரமான நாற்காலி, எதிர்ச் சுவர்ல எழுத்துப் பலகை. மேல பெரிய எழுத்து, கீழ போகப் போகப் பொடி எழுத்து. டிரைவர் வேலைக்குப் போறவங்க பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வந்து, கண்ணை மூடிக்கிட்டே கடைசி வரி வரைக்கும் சொல்லுவாங்களாம். கண்ணாடி போட்டா அழகா இருக்கும்னு ஆசைப்படுற ஸ்கூல் பிள்ளைங்க, யானை சைஸ் எழுத்தைக் கூட தெரியலன்னு சொல்லுமாம். ஏத்திச் சொல்றவனும் ஏமாத்துறான், இறக்கிச் சொல்றவனும் ஏமாத்துறான்னு அக்கா சிரிப்பா. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். காப்பீட்டு ஆபீஸ்ல வேலை. மெதுவாப் பேசுவார், நல்லாக் கேப்பார். முதல் சந்திப்புலயே ரெண்டு பேரும் டீயை ஆற விட்டுட்டு என்னமோ பேசிப் பேசிச் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து அக்கா தலைமுடியை மூணு விதமாப் பின்னிப் பின்னிப் பார்த்தா. எங்களுக்குப் புரிஞ்சு போச்சு.

ஆனா மாப்பிள்ளையோட அப்பா இருக்காரே. பரீட்சை ஹாலைக் கண்காணிச்சே காலத்தைக் கழிச்சவர். அவங்க தெருவுல அவருக்குப் பேரே 'கட்-ஆஃப் சார்'. ரிட்டயர் ஆனதும் அவர் கையில யாரோ ஒரு ஃபோனைக் குடுத்துட்டாங்க. குடுத்தவன் நல்லா இருக்கட்டும். அறிவு ரத்தத்துல வருதுன்னு ஒரு வீடியோ பார்த்திருக்கார். முழுசாப் பார்க்கல, பாதிதான். பாதி பார்த்தவன்கிட்ட இருக்கிற தைரியம் முழுசாப் பார்த்தவனுக்கு வருமா?

அழகு வேண்டாம், சொத்து வேண்டாம், ஜாதகம் வேண்டாம், பேரப்பிள்ளைக்கு மூளை வேணும், அதனால பொண்ணும் பையனும் ஆன்லைன்ல அறிவுச் சோதனை எழுதட்டும்னார். எங்கப்பாவுக்கு இது முற்போக்காத் தெரிஞ்சுது. எழுதினாங்க.

ரிசல்ட் வந்துச்சு. பையன் நூத்திப் பத்து. அக்கா நூத்தி இருபத்தெட்டு.

கைதட்டுறீங்க. நாங்களும் தட்டினோம். அந்தப் பக்கம் யாரும் தட்டல.

நாலு நாள் சத்தமே இல்ல. அப்புறம் கட்-ஆஃப் சார்கிட்ட இருந்து ஃபோன். வேண்டாம்னு சொல்லல அவர், அது பெருந்தன்மை. பொண்ணு இன்னொரு தடவை எழுதினா நல்லதுன்னார். ஏன் சார்னு அப்பா கேட்டார். "குடும்பத்துல தராசு சரியா நிக்கணும் இல்லீங்களா"ன்னார். அப்பாவும் ஆமாங்க ஆமாங்கன்னு ஃபோனை வெச்சுட்டு, அக்கா முகத்தைப் பார்க்காம சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கொஞ்சம் இறங்கி எழுதும்மா. உனக்குத் தெரியாததா."

அன்பர்களே, அதிக மார்க் வாங்கப் பிள்ளையை உக்கார வெச்ச வீடு பார்த்திருப்பீங்க. குறைச்சு வாங்க உக்கார வெச்ச வீடு பார்த்திருக்கீங்களா? எங்க வீடு. நடு ஹால்ல கமிட்டி கூடுச்சு. பெரியப்பா தலைமை, சித்தி செயலாளர். நூத்திப் பத்தைத் தொடவும் கூடாது, ரொம்பத் தள்ளியும் போகக்கூடாது, நூத்தி எட்டுல அழகா வந்து உக்காரணும். குறி வெச்சு முட்டாளாகிறதுக்கு எவ்வளவு மூளை வேணும் தெரியுமா? அன்னிக்கு எங்க வீட்டுல செலவான அறிவை அளக்க எந்தக் கருவியும் இல்ல.

பெரியப்பா திட்டம் போட்டார். முதல் சில கேள்வியைத் தப்பாப் போட்டுடு, மீதியைச் சரியாப் போடு, கணக்கு நேராயிடும்னார். அங்கதான் வந்துச்சு வினை. அந்தச் சோதனை ஆளைப் பார்த்துக் கேள்வி கேக்கிற சோதனை. சரியாச் சொன்னா அடுத்தது கஷ்டமா வரும், தப்பாச் சொன்னா அடுத்தது சுலபமா வரும். அக்கா ஆரம்பத்துலயே வரிசையாத் தப்புப் போட்டதும் அது பரிதாபப்பட்டு, எல்.கே.ஜி. கேள்வியாக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு. 'இதுல எது வட்டம்?' அத்தனைக்கும் சரியாத்தான் சொன்னா. வட்டத்தை வட்டம்னு சொன்னதுக்கு எவ்வளவு மார்க் வரும்? எண்பத்தி நாலு வந்துச்சு.

இந்தப் பக்கம் நாங்க இறக்கிக்கிட்டு இருக்கோம், அந்தப் பக்கம் அவங்க ஏத்திக்கிட்டு இருந்திருக்காங்க. கட்-ஆஃப் சார் பையனுக்குப் பழைய கேள்வியா வாங்கிக் குடுத்து, பயிற்சி மேல பயிற்சி. நூத்தி இருபத்தொண்ணு. ஒரே மாசம், ஒரே மூளை. இவளுக்கு நாப்பத்தி நாலு போச்சு, அவருக்குப் பதினொண்ணு வந்துச்சு. ரத்தத்துல வர்ற அறிவாம். ரத்தம் எப்பய்யா மாத்தினாங்க?

மறுபடி ஃபோன். இப்போ கவலை வேற. எண்பத்தி நாலுக்குப் பொறக்கிற பேரன் என்ன ஆவான்? கடைசியா ஒரு வாய்ப்பு, தன் வீட்டுல, தன் கண்காணிப்புல ரெண்டு பேரும் எழுதட்டும்னார். அம்மா போக வேண்டாம்னாங்க. அக்கா, போகலாம்மான்னா. மாப்பிள்ளைக்காகத்தான்னு எங்களுக்குத் தெரியும். அவளுக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சுங்க. அதுதான் விஷயமே.

போனோம். சோபாவை ஓரம் தள்ளி, ரெண்டு மேஜையை எட்ட எட்டப் போட்டிருந்தார். அவ ஒரு மூலை, மாப்பிள்ளை ஒரு மூலை. குடிக்கத் தண்ணி கூட சோதனை முடிஞ்சுதான். அக்கா உக்காந்தா. ஃபோனை எடுத்தா. எடுத்த ஃபோனைக் கவுத்து வெச்சா. திரும்பி மாப்பிள்ளையைக் கேட்டா.

"என்னைக் குறைச்சு எழுதச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் மேஜையைப் பார்த்தார்.

"நான் ஒரு தடவை குறைச்சு எழுதிட்டேன். கல்யாணம் ஆனா தினமும் எழுதணுமா?"

கட்-ஆஃப் சார், பழக்க தோஷம், "டைம் ஓடிக்கிட்டு இருக்கு"ன்னார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்ல. "பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லட்டும்"னா. மின்விசிறி சுத்துது. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். சுலபமான கேள்விதான். ஆமாவா இல்லையான்னு சொன்னா போதும். நூத்தி இருபத்தொண்ணு வாங்கின அந்தத் தலை நிமிரவே இல்ல.

அக்கா பையை எடுத்துக்கிட்டு எழுந்தா. அப்பவும் கட்-ஆஃப் சார் விடல. "அப்போ எண்பத்தி நாலுன்னே வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டார்.

எங்கப்பா எழுந்தார். சுவரைப் பார்த்துப் பேசின அதே அப்பா. இந்தத் தடவை அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவ முதல்ல எழுதினதுதான் அவ எழுதினது. அப்புறம் வந்ததெல்லாம் நாங்க வாங்கின மார்க்."

நன்றி, இந்தக் கைதட்டலை அப்பாகிட்ட சொல்லிடறேன். அதோ, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கார்.

நான் கேக்கிறேன் பெரியோர்களே. ஒருத்தி தன்னைப் பாதியாக் குறைச்சுக்கிட்டாத்தான் ஒரு வீட்டுக்குள்ள நுழைய முடியும்னா, குறை அவளோட தலையிலயா, அந்த வீட்டு நிலைப்படியிலயா? அளக்கத் தெரிஞ்ச உலகமே, அளந்த கையோட அடக்கவும் பார்க்கிறியே, உன்னை எந்தக் கடுகு போட்டு அளக்கிறது? வட்டத்தைக் கேட்டீங்க, சதுரத்தைக் கேட்டீங்க, வரிசையில அடுத்து வர்ற எண்ணைக் கேட்டீங்க. பக்கத்துல இருக்கிறவளுக்கு ஒரு அநியாயம் நடந்தா வாயைத் திறப்பியான்னு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, எந்தச் சோதனையிலயாவது வெச்சீங்களா?

அப்புறம் என்னாச்சுன்னு அந்த மஞ்சள் சட்டை அண்ணன் கையைக் காட்டிக் கேக்கிறார். சொல்லிடறேன்.

போன வாரம் அக்கா கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். காப்பீட்டு ஆபீஸ்காரர். கண்ணு மங்கலா இருக்குன்னார். அக்கா உயரமான நாற்காலியைக் காட்டினா. ரூமை இருட்டாக்கினா. பலகையைப் படிக்கச் சொன்னா. மேல் வரி படிச்சார். நடு வரி படிச்சார். கடைசி வரியில நின்னுட்டார்.

"தெரியல"ன்னார்.

"மனப்பாடம் பண்ணிட்டு வரலையா?"ன்னு அக்கா கேட்டிருக்கா.

"இல்ல. அன்னிக்கு நீங்க கேட்டதுக்கும் பதில் இருக்கு. நான் ஒண்ணுமே சொல்லல. பயந்துட்டேன். நேத்துதான் அப்பாகிட்ட வாயைத் திறந்தேன். 'தப்பு உங்க மேலதான்ப்பா'ன்னு சொன்னேன். வீட்டுல இன்னும் யாரும் என்கூடப் பேசல."

அக்கா லைட்டைப் போட்டா. பவரைக் குறிச்சா. கண்ணாடி வெள்ளிக்கிழமை ரெடியாயிடும், வந்து வாங்கிக்கோங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பிச்சா.

பாஸா ஃபெயிலான்னு நானும் கேட்டேன். "இப்பதான் ஒழுங்கா ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கார், அதுக்குள்ள என்ன அவசரம்"னா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னிக்குக் காலையில இருந்து தலைமுடியைப் பின்னிப் பின்னிப் பார்த்துக்கிட்டு இருக்கா. நான் இதைச் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க.

இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்ட உங்க காதுகளுக்கும், இடையில ஒரு தடவை கூட மணி அடிக்காத டாக்டர் ஐயாவுக்கும், நடுவுல அழாம ஒத்துழைச்ச அந்த மடிப் பிள்ளைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் யாரையும் அளக்காதீங்க, ஒரு வாய் பேசிப் பாருங்கன்னு கேட்டுக்கிட்டு இறங்கறேன். வணக்கம்.