மாமியார் வாத்துகளிடம் வீழ்ந்த கதை

...அதான் சார் என் கேள்வி. ஒரு வாத்து எப்படி சார் பின்பக்கமா வந்து மிதிக்கும்? வாய நல்லாத் திறங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே வச்சிருங்க. ஊசி போட்ட எடம் மரத்துப் போறவரைக்கும் நாம சும்மாதானே இருக்கப் போறோம்? வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன். என்ன சொல்லிட்டிருந்தேன்? வாத்து. தலையில இரும்புத் தொப்பி வேற போட்டிருக்கு சார் அது. சிரிக்காதீங்க, வாய் மூடிக்குது. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. எம் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா, வீடே வெறிச்சுன்னு கெடக்கு, என்னய்யா காரணம்னு கேட்டா வாத்துன்னு சொல்ல வேண்டியிருக்கு. இத யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? பதில் பேச முடியாதவங்ககிட்டதான் சொல்ல முடியும்.

எல்லாம் எம் மச்சான் பண்ண வேலை. பொண்டாட்டியோட தம்பி. "மாமா, ஒரு ஆளு போயி அடுத்த ஆளு வர்றவரைக்கும் சும்மா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே, இத ஆடுங்க"ன்னு போன்ல ஒரு போர் ஆட்டத்த ஏத்திவிட்டான். ஏத்தும்போதே அது ஏதேதோ கேட்டுச்சு. உங்க படங்களப் பாக்கலாமா? சரி. உங்க ஆளுங்களத் தெரிஞ்சுக்கலாமா? சரி. குடும்பத்தோட பகிர்ந்துக்கலாமா? சரி. நான் அப்படித்தான் சார், எது கேட்டாலும் சரி சரின்னு அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். எப்படி ஆடணும்னு பக்கம் பக்கமா பாடம் நடத்துச்சு, அதையும் சரி சரி சரின்னு ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். என் கல்யாணமே அப்படித்தான் நடந்துச்சுன்னு வச்சுக்குங்களேன்.

கன்னம் மரத்துச்சா? இல்லையா? பரவால்ல, மெதுவா மரக்கட்டும்.

அந்தப் படையில இருக்குற ஒவ்வொருத்தனுக்கும் வாய்ல நுழையாத பேரு சார். முப்பத்திரெண்டு பல்லோட பேரும் எனக்கு அத்துப்படி, இவனுங்க பேரு மட்டும் மண்டையில நிக்கவே மாட்டேங்குது. பேர மாத்திக்கன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. சரி, தெரிஞ்சவங்களா இருந்தா நல்லதுன்னு வீட்டு ஆளுங்களப் போட்டேன். கேடயம் தூக்கிட்டு முன்னாடி நிக்கிற கெட்டியான ஆளு, அது மாமியார். மரியாதையாத்தான் சார் போட்டேன்! படையிலயே பெரிய பதவி அது. காயத்துக்கு மருந்து போடுறது பொண்டாட்டி. அம்பு விடுறவன் மச்சான், எங்க பாத்து விட்டாலும் எம் முதுகுலதான் வந்து குத்தும். எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, யாருக்கும் துரும்பக் கிள்ளிப் போடமாட்டாரு, அவர ஒட்டகத்துல ஏத்தினேன். ஒட்டகம் நின்ன எடத்த விட்டு நகரவே இல்ல. நல்லாப் பொருந்துச்சு. நான் வந்து மருமகன். கையில ஒரு கத்தி. சாதாரணக் கத்திதான்.

இப்ப இதுல சண்டை எப்படின்னா... இருங்க, வாய மூடாதீங்க, காட்டுறேன். களம் பூரா கட்டம் கட்டமா இருக்கும். உங்க கீழ்வரிசைதான் களம்னு வச்சுக்குங்க. இந்தக் கடைவாய்ப் பல்லு... இதுல எங்க அத்தை நிக்கிறாங்க. மாமியார அத்தைன்னுதான் கூப்பிடுவேன். அதுக்கு அடுத்த பல்லு நானு. முன்பல்லு அத்தனையும் வாத்து. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்திருக்கே, அது குளம். வாத்துங்க அங்கேர்ந்துதான் ஏறி வரும். என்ன சார் குளத்த இவ்ளோ ஆழமா விட்டு வச்சிருக்கீங்க? முன்னாடியே வந்திருக்கலாமில்ல?

ஒரு ஆள நகத்தினா போதாது. நகத்திட்டு, எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னும் சொல்லணுமாம். எனக்கென்ன தெரியும்? எங்க குடும்பம் மொத்தமும் எதிரிக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது. நான் என்னவோ, அலட்சியமா நிக்கிறாங்க, வீரம்னா இதுதான்னு நெனச்சுக்கிட்டேன். வாத்து வந்து ஒவ்வொருத்தர் முதுகுலயா கொத்திட்டுப் போகுது, நான் கை தட்டிட்டு இருக்கேன்.

அப்புறம் கோவம்னு ஒண்ணு. ஒருத்தர ரொம்ப நேரம் கண்டுக்காம விட்டா அவங்க அப்படியே தரையில உக்காந்துருவாங்க. போர் நடக்குது சார், அம்பு பறக்குது, எம் பொண்டாட்டி நட்ட நடுக் களத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா! போய்ச் சமாதானம் பண்ணா என் முறை ஒண்ணு செலவாகுது. "என்னாச்சு?"ன்னு கேக்கணும். "ஒண்ணுமில்ல"ங்கும். திரும்பக் கேக்கணும், இன்னொரு முறை போச்சு. அதுக்குள்ள வாத்து ரெண்டு கட்டம் தாண்டி வந்துடுது. இத நான் வீட்லயே ஆடிக்க மாட்டேனா சார்?

கையத் தூக்குறீங்க... அதேதான்! நானும் இதத்தான் மச்சான்கிட்ட சொன்னேன். அவன் என்ன சொல்றான் தெரியுமா? "மாமா, உங்களுக்குப் போர் முறை புரியல, பாசத்தக் கவனிங்க"ன்றான். பாசம்! ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல நிக்க நிக்க பாசம் ஏறுமாம், தலைக்கு மேல ஒரு விளக்கு எரியுமாம். விளக்கு முழுசா எரிஞ்சுட்டா, ஒருத்தர் மேல அடி விழுறப்ப இன்னொருத்தர் குறுக்க பாஞ்சு அத வாங்கிக்கலாம். எங்க படையில யாருக்கு முழுசா எரிஞ்சுது சொல்லுங்க பாப்போம்? எனக்கும் பொண்டாட்டிக்குமா? அவதான் உக்காந்திருக்காளே. எனக்கும் அத்தைக்கும் சார். ஜோடி விளக்கு, ஜெகஜோதியா எரியுது.

அன்னிக்கு மத்தியானம் குளத்துலேர்ந்து ஒரு குண்டு வாத்து ஏறி வந்துச்சு. மத்ததுங்க மாதிரி இல்ல, இது தளபதி. அத்தை முதுகக் காட்டிட்டு நிக்கிறாங்க. நிக்க வச்சது நான்தான், ஒத்துக்குறேன். ஒரே மிதி. முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு போன உள்ள வச்சிட்டு அடுத்த ஆளுக்கு வேர் சிகிச்சை பண்ணப் போயிட்டேன். அங்க என்ன ஆச்சுன்னா... குடும்பத்தோட பகிர்ந்துக்கலாமான்னு கேட்டுச்சில்ல? அது எம் பேர்லயே எங்க குடும்ப குரூப்புல போய்ப் போட்டுடுச்சு சார். "மாமியார் களத்தில் வீழ்ந்தார். ஆழ்ந்த வருத்தங்கள்." கீழ ஒரு வாத்துப் படம் வரணும். சிக்னல் சரியில்ல, வாத்து வரல. வருத்தம் மட்டும் வந்துச்சு.

அப்புறம் என்ன. ஒட்டகச் சித்தப்பா இருக்காரே, வாழ்நாள்ல ஒரு எடத்துக்கும் நகராத மனுஷன், கார எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. வழியில பூ வேற வாங்கிட்டாரு. போய்க் கதவத் தட்டுறாரு, அத்தையே வந்து தொறக்குறாங்க. இவருக்கு என்ன பேசுறதுன்னு தெரியல, கையில இருந்த பூவ அவங்ககிட்டயே குடுத்துட்டு, "ரொம்ப நல்லவங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. தெருவுல பாதி பேரு வந்தாச்சு. வந்தவங்களுக்கெல்லாம் அத்தையே டீ போட்டுக் குடுத்திருக்காங்க. பாவம், பொறந்ததுலேர்ந்து யாரும் சொல்லாத நல்ல வார்த்தை மொத்தத்தையும் அன்னிக்கு ஒரே நாள்ல கேட்டுட்டாங்க.

கோவமே படல சார் அவங்க! எனக்குப் போன் பண்ணி, "மாப்ள, வாத்தா என்னக் கொன்னுச்சு? ஒரு சிங்கம் கெடைக்கலயா?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அம்புட்டு நல்ல மனுஷி. அப்ப எம் பொண்டாட்டி எதுக்குப் போனான்றீங்களா? ரெண்டு கையையும் தூக்காதீங்க சார், சரணடையுறதுக்கெல்லாம் இந்த ஆட்டத்துல எடமே இல்ல. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

அடுத்த நாள் சிக்னல் சரியாச்சு. வாத்துப் படம் வந்துச்சு. அதுக்குக் கீழ ரெண்டாவதா ஒரு வரியும் வந்துச்சு. அதப் படிச்சிட்டு அத்தை போன கீழ வச்சாங்களாம். அதுக்கப்புறம் சிரிக்கல. எம் பொண்டாட்டி வந்து எம் மூஞ்சியப் பாத்தா. பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா.

இருங்க, போன் அடிக்குது... ச்சே. "வாத்துகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன." இது ஒண்ணு, நேரங்காலம் தெரியாம.

போன பாத்துக்கிட்டே இருக்கானேன்னு நெனைக்காதீங்க. காரணம் இருக்கு. செத்தவங்கள எழுப்ப ஒரு வழி இருக்குன்னு மச்சான் சொன்னான். இந்தத் தடவ சரி சரின்னு அமுக்காம, பாடத்த மொதல்லேர்ந்து படிச்சேன் சார். எந்தப் பக்கம் பாக்கணும், யார யார் பக்கத்துல நிறுத்தணும், உக்காந்தவங்கள எப்படி எழுப்பணும், எல்லாம். விஷயம் இதான். இப்ப நான் கத்தியக் கீழ போட்டுட்டு வாத்துங்க நடுவுல போய் நிக்கணும். எம் பக்கத்துக் கட்டத்துல ஒரே ஒரு ஆளு நிக்கலாம். எம் மேல அடி விழுறதுக்கு முன்னாடி, குறுக்க பாயுறியான்னு அந்த ஆளுகிட்ட கேள்வி போகும். ஆமான்னா நானும் பொழச்சேன், அத்தையும் எழுந்துருவாங்க. இல்லன்னா நானும் காலி, ஆட்டமும் காலி. பக்கத்துல பொண்டாட்டியத்தான் நிறுத்தியிருக்கேன். மச்சான் அவ போன்லயும் ஆட்டத்த ஏத்திவிட்டுட்டான், கேள்வி நேரா அவளுக்கே போகும். நீங்க வந்து இந்தச் சேர்ல சாயறதுக்கு முன்னாடிதான் அனுப்பினேன்.

அந்த ரெண்டாவது வரியா? ...பல்லுப் புடுங்குற கொறட எங்க வச்சேன்... அது ஒண்ணுமில்ல சார்.

இந்த ஆஸ்பத்திரி தெறந்த புதுசுல ஒரு ஈ காக்கா வரல. தெரியுமா உங்களுக்கு? வெளிய நாற்காலியெல்லாம் காலியா கெடக்கும், போறவங்க எட்டிப் பாத்துட்டு, ஆளே இல்லையே, கைராசி இல்லாத டாக்டர் போலன்னு போயிடுவாங்க. எங்க அத்தை என்ன பண்ணாங்க தெரியுமா? காலையில வந்து அந்த மொத நாற்காலியில, தெருவுலேர்ந்து பாத்தாத் தெரியுற மாதிரி, கன்னத்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துருவாங்க. பல்லுல ஒரு கோளாறும் கெடையாது. கல்லு மாதிரி பல்லு. ஆள் இருக்குன்னு தெரியணுமில்ல? மத்தியானம் சேலைய மாத்திக் கட்டிட்டு வந்து மறுபடியும் உக்காருவாங்க, வேற ஆளு மாதிரி! உள்ள யாராச்சும் வந்துட்டா, "நீங்க மொதல்ல போங்க, எனக்கு வலி தாங்கும்"பாங்க. நான் கேக்கல சார். யாரும் கேக்கல. அவங்களா வந்தாங்க.

ம்.

குண்டு வாத்து காலத் தூக்கினப்ப ஆட்டம் அப்படியே நின்னுச்சு. என்கிட்ட கேட்டுச்சு. "மாமியாருக்காகக் குறுக்கே பாய்வாயா?" ஆம். இல்லை. ரெண்டே பட்டன். பாஞ்சிருந்தா கொஞ்சம் அடி, அவ்ளோதான், செத்துக்கூட இருக்க மாட்டேன். எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கினவன் சார் நான். அந்த ஒண்ணுக்கு மட்டும் "இல்லை"ன்னு அமுக்கினேன். வெளையாட்டுத்தானேன்னு சொல்லலாம். வெளையாட்டுத்தான். ஆனா வெரல் தானாப் போச்சு. ஒரு நொடி யோசிக்கல. அதத்தான் ரெண்டாவது வரியில போட்டுடுச்சு, தெருவே படிக்கிற மாதிரி. "அருகில் நின்ற மருமகனிடம் கேட்கப்பட்டது. அவர் உடனே மறுத்துவிட்டார்." உடனே! அந்த ஒரு வார்த்தைய விட்டிருக்கக் கூடாதா சார்?

சார்? எங்க எந்திரிக்கிறீங்க? இன்னும் கொறட எடுக்கவே இல்லையே... கழுத்துல துணி, துணியக் கழட்டிட்டுப் போங்க! பஞ்சத் துப்புங்க சார்! அந்தக் கதவ இழுக்காதீங்க, தள்ளணும்... சரி, போங்க, போங்க. மரப்பு தெளிஞ்சா வலிக்கும், அப்ப நீங்களே வருவீங்க.

...அடிக்குது. வந்துடுச்சு. குரூப்புலதான் போட்டிருக்கு. "அருகில் நிற்கும் மனைவியிடம் கேட்கப்பட்டது."

அப்புறம்... அப்புறம்...

"அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்."

யோசிக்கிறாளாம்.

யோசிம்மா. நீயாவது யோசி. நான் இங்கதான் நிக்கிறேன்.