ராஜமலைக்கு மூணு டிக்கெட்

— மூணாறு வேண்டாம் மதி. மறையூர்ல ரூம் போடு.

— ஏம்ப்பா? மூணாறுல இருந்து ராஜமலை அரை மணி நேரம். மறையூர்ல தங்கினா காலையில ஒரு மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். அம்மாவுக்கு மொத வளைவுலயே வாந்தி வந்துரும்.

— உங்கம்மா கையில ஒரு எலுமிச்சம்பழத்தக் குடுத்தாப் போதும். மூணாறு பஜார்ல நிக்கிறதும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறதும் ஒண்ணுதான். ஒட்டன்சத்திரம் காய்கறி லாரிக்காரன் எவனாச்சும் பாத்துட்டு, 'என்ன சுருளிவேலண்ணே, அகரத்துல இருந்து இம்புட்டு தூரம்?'னு கேப்பான்.

— வரையாடு பாக்க வந்தோம்னு சொல்லுங்க.

— வீட்ல நாப்பது ஆடு வச்சிருக்கவன், மலையேறி ஆடு பாக்க வந்தேன்னு சொன்னா நம்புவானா?

— பெறகு எதுக்குப்பா இந்த வேஷம்? மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கணும்னா தரகர் கண்ணன அனுப்புங்க. அவர்தான ஜாதகம் கொண்டாந்தாரு.

— தரகனுக்குக் கல்யாணம் முடியிற வரைக்கும் எல்லாப் பையனும் தங்கம்தான். நான் சொல்றேன் கேளு. பொண்ணக் குடுக்கிறவன், பையன் வேலை பாக்கிற எடத்துல அவனுக்குத் தெரியாம ஒரு நாள் நின்னு பாக்கணும். யாரை அதட்டுறான், யாருக்குப் பம்முறான்னு அங்கதான் தெரியும். எங்கப்பாரு எங்க அக்காவுக்கு அப்படித்தான் பாத்தாரு. மாப்பிள்ளை சைக்கிள் கடை வச்சிருந்தாரு. எங்கப்பாரு தானே டயர்ல ஆணியக் குத்திட்டு, பஞ்சர் ஒட்டணும்னு ரெண்டு நாள் அங்கயே ஒக்காந்திருந்தாரு.

— ஒட்டினாரா?

— காசு வாங்காம ஒட்டினாரு. அதான் குடுத்தோம்.

— முகேஷ்குமார் காட்டிலாகா கார்டுப்பா. அவர்கிட்ட எத ஒட்டச் சொல்லுவீங்க? நேரா அவங்க வீட்டுக்கே போயிட்டு வாங்களேன்.

— பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல போயி அவங்க படி ஏறுறதா? நம்ம குடும்பத்துல அந்தப் பேச்சு இதுவரைக்கும் வந்ததில்ல. அவங்கதான் இங்க வரணும், நம்ம வீட்ல கை நனைக்கணும், பெறகுதான் நாம. அதுவரைக்கும் நாம சுத்திப் பாக்கப் போற சனம், அம்புட்டுதான்.

— சுத்திப் பாக்கப் போற சனம் கஞ்சி போட்ட வேட்டியில போகாதுப்பா. காலையில அங்க கை வெறைச்சுப் போகும். பேண்ட் வேண்டாம், ஒரு குல்லாவாவது போடுங்க.

— குல்லா போடமாட்டேன்.

— அப்பச் சரி. மலை அடிவாரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சுரும், யாரோ சம்பந்தம் பேச வாராங்கன்னு.

— நக்கல் போதும். துண்டக் காதோட சேத்துக் கட்டிக்கிறேன். மூணு டிக்கெட் போடு. மாசி பொறந்து மொத வெள்ளி.

— அப்ப பார்க்கு மூடியிருக்கும். பிப்ரவரி, மார்ச்சு ரெண்டு மாசமும் வரையாடு குட்டி போடுற காலம். ஆளுகள உள்ள விடமாட்டாங்க. சித்திரையில போலாம்ப்பா. இப்ப என்ன அவசரம்?

— சித்திரை வரைக்கும் எந்தச் சம்பந்தம் காத்துக்கிட்டு கெடக்கும்? அப்ப இந்தத் தையிலயே. புதன்கெழமை மத்தியானம் கெளம்புறோம். உடுமலை வழியா ஏறி, இருட்டுறதுக்குள்ள சின்னாறு செக்போஸ்டத் தாண்டி மறையூர். ராத்திரி அங்க தங்கல். வியாழன் காலையில ராஜமலை.

— வியாழன் எனக்கு ஸ்கூல்ல பேப்பர் திருத்தணும். நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க.

— பேப்பரக் கார்ல திருத்து. உனக்கும் செத்த நேரம் மாறுதலா இருக்கும்ல. காரு மேல வரைக்கும் போகுமா?

— போகாது. டிக்கெட் குடுக்கிற எடத்துல நிறுத்திட்டு அவங்க பஸ்ல ஏறணும். பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கணும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், அம்மாவோட எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கங்க. ஆடு பக்கத்துலயே வந்து நிக்கும், தொடக்கூடாது. அவரு கீழ கேட்ல இருக்கமாட்டாரு, மேல நடக்கிற பாதையிலதான் நிப்பாரு.

— காலேஜ்ல ஒரு தடவ ஆடு கணக்கெடுக்கப் போனவளுக்கு ஞாபகம் நல்லா இருக்கு.

— விலங்கியல் படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதாப்பா?

— வரையாடப் பத்திப் படிச்ச, சரி. கார்டு எங்க நிப்பான்னுமா பாடம் இருந்துச்சு?

— கார்டுன்னா அங்கதான நிப்பாங்க.

— நல்லது. வியாழன் அங்கயே நிக்கட்டும், பாத்துக்கிறேன்.

— வியாழன் போயி பிரயோசனம் இல்லப்பா. அன்னைக்கு அவருக்கு லீவு.

— லீவு நாளும் ஜாதகத்துல எழுதியிருந்துச்சா தாயி?

— அப்பா...

— ஃபோனக் கீழ வச்சுட்டுப் பேசு.

— எப்பத்துல இருந்து தெரியும்?

— கண்ணன் ஜாதகத்த எடுத்து நீட்டுனப்பவே. ரெண்டு வருசமா அவன் எத்தனை கொண்டாந்தான். ஒண்ணுக்காச்சும் உள்ரூம விட்டு வெளிய வந்தியா? இதுக்கு மட்டும் காப்பி டம்ளரோட வந்து தூணு மாதிரி நின்ன. அவனத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போயிக் கேட்டேன். ரெண்டாவது இளநி முடியிறதுக்குள்ள கக்கிட்டான், ஜாதகம் உன் கையில இருந்துதான் வந்துச்சுன்னு.

— கோவமாப்பா?

— இருந்துச்சு. வெஞ்சனத்துல உப்பு இல்ல, ரசத்துல புளி இல்லன்னு உங்கம்மாவ ரெண்டு நாள் வதைச்சேன்ல, அந்தக் கோவம்தான். பாவம், அவ உப்பு சரியாத்தான் போட்டிருந்தா.

— நான் ஓடிப்போக நெனச்சதில்லப்பா. ஊருக்குள்ள நீங்க நிமிந்து நடக்கணும். அதான் தரகர் மூலமா, மொறையா வரட்டும்னு...

— மொறையா வந்துச்சு. அதனாலதான் ஒக்காந்து டிக்கெட் போடச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— எல்லாம் தெரிஞ்ச பெறகு அவர ஒளிஞ்சு நின்னு பாக்கணுமா? நான் ஒரு ஃபோன் போட்டா, நாளைக்கே அவங்க அப்பா அம்மாவோட இங்க வந்து நிப்பாரு. மறையூரும் வேண்டாம், ராஜமலையும் வேண்டாம்.

— வேணும். வியாழனுக்கே போடு. லீவுன்னா இன்னும் நல்லது, பையன் வீட்ல இருப்பான்.

— வீட்லயா? நீங்க அங்க போகப் போறீங்களா?

— அவங்க வரமாட்டாங்க தாயி. அவங்கப்பா வீரன் உன் ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு. 'தேயிலை எஸ்டேட்ல கூலிக்காரங்களுக்குக் குடுத்த லயத்து வீட்ல குடியிருக்கோம், தோப்பு தொரவு வச்சிருக்கவங்க சம்பந்தம் எங்களுக்கு ஒத்து வராது'ன்னு கண்ணன்கிட்டச் சொல்லிவிட்டு நாலு நாளாச்சு. மகன்கிட்டகூட அவரு இன்னும் சொல்லலையாம்.

— அப்ப நாம போயி...

— ஆடு பாக்கப் போறோம்னு அகரத்துல சொல்லிக்கிருவோம். பையனப் பாக்க நான் போகல மதி, அந்த மனுசன் படியேறி, என் பொண்ண எடுத்துக்கங்கன்னு கேக்கப் போறேன்.