தொடாதீங்க அண்ணி

ஒரு கருவி உறைந்து நின்றுவிட்டால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். ஓடத் தொடங்கியதும் தாங்களே பழுது பார்த்துவிட்டதுபோல ஒரு நிம்மதி முகத்தில் வரும். எனக்கு அந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. அணைத்த கணமே, அது ஏன் நின்றது என்பதற்கான சாட்சியெல்லாம் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். நீங்களும் விசாரிக்கிறவர்தான். சம்பவ இடத்தைக் கழுவிவிட்டா குற்றவாளியைத் தேடுவீர்கள்?

நான் மூச்சுக்கருவிகளுக்குக் கெர்னல் மாட்யூல் எழுதுகிறவன். கருவிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் லினக்ஸ் ஓடுகிறது. அதன் அடிவயிறுதான் கெர்னல். காற்றைத் தள்ளும் மோட்டாரோடும் அழுத்தம் பார்க்கும் சென்சாரோடும் அது பேச, நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துண்டு நிரலுக்குப் பெயர் மாட்யூல். வெளியிலிருந்து ஒன்றை ஏற்றினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். ஏற்றியதை இறக்கினாலும் அந்தக் கறை போகாது. சில மாமியார்கள் அப்படி இருப்பார்கள்.

என் அண்ணனுக்குத் தசைகள் தளர்ந்துபோகும் நோய். தொண்டையில் குழாய், குழாயின் மறுமுனையில் எங்கள் கம்பெனிக் கருவி. அது இல்லாமல் அவரால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

சில வீடுகளில் எங்கள் கருவி திடீரென்று நின்று, தானாகவே மறுபடி ஓடியது. தானாக ஓடியதற்குக் காரணம் காவல் நாய். அது ஒரு தனிச் சில்லு, தொழிலில் அப்படித்தான் சொல்வோம். மூச்சை நடத்தும் நிரல், தான் உயிரோடு இருப்பதைக் காட்ட அதற்கு ஓயாமல் சோறு போட வேண்டும். சோறு வரவில்லையென்றால் நாய் அலாரம் அடித்துக் கருவியை மறுதொடக்கம் செய்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிழை என் கையில் சிக்காமல் போனதும் அதனால்தான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிடும்.

அலுவலகத்தில் ரப்பர் நுரையீரலை மாட்டி வாரக்கணக்கில் ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ரப்பர் இருமாது, அதற்குப் புரையேறாது. இருமலில்தான் கோளாறு என்று எனக்கு உள்ளுக்குள் உறுதி. நிஜ நுரையீரல் தேவைப்பட்டது.

அண்ணனிடம் கேட்டேன். கருவி காற்றை விடும் நேரம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"உன் ரப்பர் பையைவிட... நான் நல்லாவே இருமுவேன்டா."

அண்ணி சிரித்தார். "தம்பி கை பட்டா சரியாத்தான் இருக்கும். நீங்க செய்யுங்க."

என்ன நடக்கிறது என்று பதிவு செய்ய ஒரு மாட்யூல் ஏற்றுகிறேன் என்று சொன்னேன். இரண்டு ஏற்றினேன். இரண்டாவது, நிரல் செத்தாலும் நாய்க்குத் தானே சோறு போட்டுக்கொண்டிருக்கும். அலாரமும் அடிக்காது, மறுதொடக்கமும் ஆகாது. சோதனை மேசையில் இதை எல்லோரும் செய்வதுதான். நான் அதைத் தயார் செய்தபோது எங்கள் டெஸ்டர் அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"நாய்க்கு நீங்களே சோறு போட்டுட்டா, அப்புறம் அது எதுக்குங்க?"

"மேசையில வச்சுப் பார்க்கத்தான்," என்றேன். அது பொய். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொத்துத் தகராறு உண்டா என்று நீங்கள் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்தவரைத்தானே உரிமையோடு கேட்க முடியும்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அந்தக் கருவியை நம்பிக் கண்ணை மூடுகிறார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலிக்குத் திரும்பியபோது, அண்ணன் வீட்டுக் கருவியிலிருந்து என் திரைக்கு வந்துகொண்டிருந்த அழுத்தக் கோடு துள்ளியது. இருமல். அடுத்து அது நேர்கோடானது. மூச்சு நிரல் உறைந்துவிட்டது, கெர்னல் மட்டும் விழித்திருந்தது. பல மாதமாகத் தேடியது கண்முன்னால் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நினைவகத்தை அப்படியே இழுத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். உடனே போன் வந்தது.

"தம்பி, மெஷின் சத்தமே இல்ல. திரை அப்படியே நிக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"தொடாதீங்க அண்ணி. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அவருக்கு மூச்சு வரலப்பா. கையால காத்து அடிக்கிற பையைக் குழாய்ல மாட்டி அமுக்கட்டுமா?"

"குழாயைக் கழட்டினா சென்சார் கணக்கு மாறிடும். கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுத்தார். என் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. பதிவு பாதி வந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க யாருக்கு மனம் வரும்?

"உதடு நீலமா ஆகுது தம்பி. என் கையை இறுக்கிப் பிடிச்சிருக்காரு. போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

பிறகு அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கல்யாணமான நாள்முதல் அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கடைசியில் "இப்ப ஆஃப் பண்ணலாம் அண்ணி" என்றேன். அவர் அண்ணன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழை அற்பமானது. இருமல் வந்தால் நிரல் ஒரு பூட்டைப் போடும், திறக்க மறந்துவிடும். அந்த வரியை எழுதியவன் நான்தான். அன்று சாயங்காலமே திருத்தி எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டேன். அதற்குப்பின் ஒரு கருவிகூட நின்றதில்லை. மேலாளர் பாராட்டி மெயில் போட்டார், துக்கமும் விசாரித்திருந்தார்.

பதிவு வந்து முடிய அவ்வளவு நேரமா ஆகும் என்று கேட்கிறீர்கள். ஆகாது. அண்ணி "போதுமா" என்று கேட்டபோதே முழுசாக வந்துவிட்டது. ஒரே பதிவை நம்பி முடிவெடுப்பது எங்கள் வேலைக்கு அழகல்ல, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று எடுத்தேன். இரண்டும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாகவே இருந்தன. அண்ணன் இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.