ஊத்திக்கிச்சுன்னு வச்சுக்குவோம்

– சரி, அந்தத் தலைவர் பதவியை நீ ஒத்துக்கிட்ட. ஒரு வருஷம் ஆச்சு. எல்லாம் ஊத்திக்கிச்சு. ஏன் ஊத்திக்கிச்சு... சொல்லு.

– காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா? துணியை மடிங்க முதல்ல.

– மடிச்சுக்கிட்டேதான் கேக்குறேன். இந்த விளையாட்டை வீட்டுக்குள்ள கொண்டுவந்ததே நீதான். ஃப்ரிட்ஜ் வாங்கப் போறப்பகூட, ‘வாங்கியாச்சு, வீணாப்போச்சு, ஏன்?’னு என்னை உக்கார வச்சுக் கேட்டவ.

– அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுதுல்ல?

– ஓடுது. வாசக்கதவைக் கழட்டினாத்தான் உள்ள வரும்னு மட்டும் ரெண்டு பேருக்கும் தோணலை.

– ரெண்டு இன்ஜினியர் இருக்கிற வீடு... வெளிய சொல்லிடாதீங்க.

– பேச்சை மாத்தாதே. எந்தப் பாலத்துல வண்டி போகலாம், எதை மூடணும்னு முடிவு பண்ற குழு. அதுக்குத் தலைவரா என் பொண்டாட்டியைக் கூப்பிடுறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். ஏன் ஊத்திக்கும்?

– எனக்கு வாய் நீளம். மந்திரி முன்னாடியே உள்ளதைச் சொல்லிடுவேன்.

– அதுக்குத்தானே கூப்பிடுறாங்க. அடுத்தது?

– ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன்.

– ஆத்துக்குள்ள தூண் இறக்கினவளுக்கா ஆழம் தெரியாது? அடுத்தது.

– அதெல்லாம் எந்தக் காலம்... நான் பாலம் கட்டி வருஷக்கணக்காச்சு. ‘பேப்பர்ல பாலம் கட்டுறவ’ன்னு உங்க அண்ணனே கிண்டல் பண்றார்.

– அவர் கிடக்கார். அப்போ நம்ம பாலத்து சைட்ல ஒரு மேஸ்திரி, விரிசலைப் பாத்துட்டு மாசக்கணக்கா வாயைத் திறக்கலையே... எல்லாரும் அந்தாளை வறுத்தெடுத்தோம். நானும்தான். நீ ஒருத்திதான் பக்கத்துல உக்காந்து, ‘ஏங்க சொல்லலை?’ன்னு கேட்ட.

– ‘சொன்னா வேலை போயிடும்மா’ன்னார்.

– அதோட ஹெல்மெட்டைக் கழட்டினவதான். நல்ல வேலை, கை நிறைய சம்பளம்... எல்லாத்தையும் விட்டுட்டு மறுபடி காலேஜ் பெஞ்சுல போய் உக்காந்த. ஜனங்க ஏன் ஆபத்தைப் பாத்தும் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு ஆராய்ச்சி. நான் உனக்குப் பைத்தியம்னு நினைச்சேன், தெரியுமா?

– நினைக்கலை. மூஞ்சிக்கு நேராச் சொன்னீங்க.

– சொன்னேன்... தப்பாச் சொன்னேன். இப்ப பாரு. ஒரு இடத்துல கோளாறுன்னா யார் வேணும்னாலும் பேர் போடாம சொல்லலாம், சொன்னவனைத் தேடிப் பிடிக்கக் கூடாதுன்னு நீ எழுதினது சட்டமாவே வந்துடுச்சு. நான் கட்டின பாலத்தை நான் கை நீட்டிக் காட்டிடுவேன். உன்னால விழாம நின்னதை நீ யாருக்குக் காட்டுவ? அதுக்கெல்லாம் யாரும் மாலை போட மாட்டாங்க. ஆனா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு.

– ...போதும்ங்க.

– என்ன, கண்ணு கலங்குது?

– நான் வேணாம்னு சொல்லப்போறேன்.

– அப்போ நிஜக் காரணத்தை நீ இன்னும் சொல்லலை. மனசுல இருக்கிறதை ஒளிக்கக் கூடாது. உன் விளையாட்டு, உன் விதி.

– சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்.

– பரவாயில்லை. சொல்லு.

– குழு முதல்ல எந்தப் பாலத்தைப் பாக்கப்போகுதுன்னு நேத்து போன்ல சொன்னாங்க... துறைமுக ரோட்டுப் பாலம். உங்க பாலம்.

– ம்.

– யாரோ பேர் போடாம சொல்லியிருக்கான். கட்டினப்ப பஸ்ஸும் காரும்தானாம், இப்ப கன்டெய்னர் லாரி போறப்ப நடுத்தூண் ஆடுதாம். உங்களுக்குப் பிரமோஷன் வர்ற நேரம் பாத்து...

– நீ விலகி நின்னுக்கோ. அந்த ஒரு பாலத்தை மத்தவங்க பாக்கட்டும்.

– விலகிக்கலாம். ஆனா நான் எழுதின முறைப்படிதானே பாப்பாங்க? என் சட்டத்தை வச்சே ஒருத்தன் உங்க பேரைக் கெடுத்தா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்ககூட உக்காந்து சாப்பிடுவேன்?

– தூண் நிஜமாவே ஆடுச்சுன்னா?

– ஆடுச்சுன்னா... மூடித்தான் ஆகணும். அதுல ரெண்டு பேச்சு இல்லை.

– இதுக்குத்தான் உன்னைக் கூப்பிடுறாங்க.

– நீங்க என்ன இப்படி அசையாம நிக்கிறீங்க? எனக்கு வயிறு எரியுது. அடியில இறங்கித் தூணைத் தொட்டுப் பாத்தவன்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். கூடவே இருந்து குழி பறிக்கிறவன். தேடக் கூடாதுன்னு நானே எழுதிட்டு நானே கேக்குறேன்... யாருங்க அவன்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?

– நான்தான்மா. ரொம்ப பயமாத்தான் இருந்துச்சு... சட்டம் எழுதினது யாருன்னு தெரிஞ்சதால சொல்லிட்டேன்.