முன்னாடி மட்டும் பாருங்க

மாமனார்: மறுபடியும் வீடியோ திக்குதும்மா.

மருமகள்: எந்த இடத்துல மாமா?

மாமனார்: அதே இடம்தான். "அப்பா, இதுதான் எங்க வீடு"ன்னு கையை நீட்டறான்... அப்படியே நின்னுடறான். குரல் மட்டும் ஓடுது.

மருமகள்: கண்ணுல மாட்டியிருக்கற ஹெட்செட்டைக் கழட்டிக் கொடுங்க... ஐயோ, என்ன இப்படிச் சுடுது? காலையிலேருந்து மாட்டிக்கிட்டே இருக்கீங்களா?

மாமனார்: எனக்கு வேற என்ன வேலை?

மருமகள்: மூக்குல தழும்பே விழுந்துடுச்சு.

மாமனார்: விழட்டும். இனிமே எனக்குப் பொண்ணா பாக்கப் போறாங்க?

மருமகள்: ம்... சுத்தி நாலு பக்கமும் தெரியற வீடியோ, ரொம்பப் பெருசு மாமா. கம்ப்யூட்டர்லேருந்து வைஃபை வழியா வந்து சேர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. திரும்பச் சின்னதாக்கிடறேன்.

மாமனார்: வேண்டாம்மா. போன வாரம் சின்னதாக்கின, நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா முகமும் சுத்தி இருக்கறதும் மாவு பூசின மாதிரி... கன்னத்து மச்சத்தையே காணோம். அதனாலதானே பழசையே போடச் சொன்னேன்.

மருமகள்: கொஞ்சம் மங்கலா இருந்தா என்ன மாமா...

மாமனார்: அவன் தவறிப்போய் ரெண்டு மாசம் ஆச்சு. மச்சத்தோட பாக்கணும். நீங்க குடியிருந்த வீட்டையும் ஒரு தடவை முழுசாப் பாக்கணும். கேபிள் போட்டுப் பாரேன்?

மருமகள்: போட்டாச்சு.

மாமனார்: வைஃபை பெட்டியைப் பக்கத்துல வச்சா?

மருமகள்: வச்சாச்சு மாமா.

மாமனார்: ஹெட்செட்டுக்குள்ளேயே காப்பி பண்ணிட்டா?

மருமகள்: ...இது யார் சொன்னது? அதுல இடம் பத்தாது. நான் ஒண்ணு பண்றேன். முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்கறேன். பாரம் பாதியாயிடும், மச்சமும் இருக்கும்.

மாமனார்: அப்போ பின்னாடி திரும்பினா?

மருமகள்: இருட்டா இருக்கும். பின்னாடி என்ன இருக்கு... வெறும் கதவு.

மாமனார்: கதவு மட்டும்தானா?

மருமகள்: கதவு... செருப்பு ஸ்டாண்டு. அவர் முன்னாடிதானே நிக்கறார்? முன்னாடி மட்டும் பாருங்க மாமா.

மாமனார்: நேத்து நீ வேலைக்குப் போனதும் இதையும் வீடியோ இருக்கற கம்ப்யூட்டரையும் கடைக்கு எடுத்துட்டுப் போனேன்.

மருமகள்: என்கிட்ட சொல்லவே இல்ல...

மாமனார்: பாதி இடம் காலியாத்தான் இருக்காம். கடைக்காரர் உள்ளேயே காப்பி பண்ணிக் கொடுத்துட்டார். ஒரு திக்கல் இல்ல.

மருமகள்: அப்போ இன்னிக்குத் திக்குதுன்னு...

மாமனார்: பொய்தான். நீயா வாயைத் திறந்து சொல்லுவேன்னு பாத்தேன்.

மருமகள்: ...திரும்பிப் பாத்தீங்களா?

மாமனார்: பாத்தேன். பெரிய பெட்டியை இழுத்துக்கிட்டு நீ வாசலைத் தாண்டிப் போற. கேமராவுக்கு இந்தப் பக்கம் அவன். நீ போறது அவன் கண்ணுக்கு நேராத் தெரியுது. அப்படியும் சிரிக்கறானே... எதுக்கும்மா?

மருமகள்: உங்களுக்காகத்தான் மாமா. "நாம பிரியறது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், அஞ்சு நிமிஷம் என் பக்கத்துல நின்னுட்டு அப்புறமாப் போ"ன்னு கெஞ்சினார்... நான் நிக்கல.