எட்டாவது செங்கல் வரிசை

கடந்த செவ்வாய்க்கிழமை காவலர் எங்கள் வீட்டுக்கு வந்து, வண்டியைத் தூக்கும் எங்கள் ஜாக் காணாமல் போனதைப் பற்றி விசாரித்தபோது, அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. "உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இன்று காவல் நிலையத்தில் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். பெயரும் முகவரியும் முதல் தாளில் குறித்தபடியே. வயது இருபத்தாறு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. அப்பா, சித்தப்பாவுடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன்.

அப்பா சொந்தப் பிக்கப் வண்டியில் மரச்சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறார். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாவற்றையும் அவரும் சித்தப்பாவும் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்வார்கள். பழைய ஜாக் உடைந்ததால், சக்கரம் வைத்து உருட்டித் தள்ளுகிற டிராலி ஜாக் ஒன்று வாங்குவது என்று நான்கு மாதங்களுக்கு முன் முடிவாயிற்று. கடைக்குப் போகும் முன் வண்டியின் அடிச்சட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல் டேப்பால் அளந்தேன். பதினான்கு அங்குலம். டயர் தரையை விட்டு எழும்ப இன்னும் ஐந்து அங்குலமாவது தூக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ஜாக்குகளைக் காட்டி, பதினைந்து அங்குலம் ஏறும் சிறியது காருக்கு என்றும், இருபது அங்குலம் ஏறும் மூன்று டன் ஜாக் பிக்கப்புக்கு என்றும் சொன்னார். சித்தப்பா பெரியதை அசைத்துப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கவே தனியா ஒரு ஜாக் வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் தாளை நீட்டியதற்கு, சித்தப்பா "இது புஸ்தகம் இல்லம்மா, இரும்பு" என்று சொல்லிவிட்டு, தன் அண்ணனுக்குத் தன்னுடைய பரிசு என்று சிறியதையே வாங்கினார். தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்க இரண்டு ஸ்டாண்டாவது வாங்கலாம் என்றேன். "ஜாக்தான் புடிச்சுக்கிட்டு நிக்குதே, அதுக்குக் காவலுக்கு வேற ஆளா?" என்றார்.

வீட்டில் உயரம் போதாமல், ஜாக்கின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்துத்தான் வண்டியைத் தூக்கினார்கள்.

அதன் பிறகு, இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பக்க டயரைக் கழற்றி வைத்துவிட்டு அப்பா வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதற்காக நான் ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கத் தொடங்கும்போது பம்பரின் கீழ்விளிம்பு, பின்னால் உள்ள சுவரில் எட்டாவது செங்கல் வரிசையின் மேல்கோட்டோடு சரியாக ஒட்டி நின்றது. பதினோரு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தபோது விளிம்பு அந்தச் செங்கலின் பாதியில் இருந்தது. ஒரு வரி நூலளவு இறங்கியிருந்தாலும் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அடியில் அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "அப்பா, டீ ஆறுது, வெளிய வாங்க" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டேன். அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு டீ எங்கே என்று கேட்டார். நான் டீயே போட்டிருக்கவில்லை.

நடந்ததைச் சொன்னதும் சித்தப்பா, "செங்கல்லை எண்ணிக்கிட்டா உக்காந்திருந்த? வண்டி கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும்" என்றார். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்தது, விட்டுவிடு என்றார். அடுத்த ஞாயிறு பிரேக் வேலை என்றும் சொன்னார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் இருவரும் வெளியே போயிருந்த நேரத்தில், ஜாக்கை என் கட்டிலுக்கு அடியில் உள்ள புத்தகப் பெட்டியில் வைத்து, மேலே செய்தித்தாளும் அகராதிகளும் அடுக்கினேன். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறப்பதில்லை. ஞாயிறன்று தேடிப் பார்த்துவிட்டு, முந்தின நாள் காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்க வந்த பங்சர் கடை அண்ணன் மேல் சந்தேகம் என்று சித்தப்பா புகார் கொடுத்தார். ஜாக் திரும்பக் கிடைத்தால் அப்பா மறுபடி அதற்கு அடியில் போய்ப் படுப்பார் என்பதால்தான் செவ்வாய்க்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று வேலைக்குப் போகும் வழியில் பங்சர் கடையின் ஷட்டர் இறங்கியிருந்ததையும், இன்று காலையும் அது அப்படியே இருந்ததையும் பார்த்தேன். அவரை விசாரணைக்காக நிலையத்துக்குக் கூட்டிப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அதன் பிறகு வீடு திரும்பி, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, பிக்கப்பிலேயே ஜாக்கை ஏற்றிக்கொண்டு அவருடன் இங்கே வந்தேன். சித்தப்பாவும் கூட வந்தார்.

இங்கே சித்தப்பா, "எடுத்தது இவதான்னு ஆயிடுச்சு சார், ஆனா என் ஜாக்குல ஒரு குறையும் கிடையாது. வேணும்னா நானே அடியில படுத்துக் காட்டறேன்" என்று ஆய்வாளரிடம் சொன்னார். "வேண்டாம் சித்தப்பா, ஒரு வாளி போதும்" என்றேன்.

அதன்பேரில் நிலைய வளாகத்தில், எல்லார் முன்னிலையிலும், சித்தப்பா அதே மரக்கட்டையை ஜாக்கின் தலைமேல் வைத்து, தன் கையாலேயே பம்ப் அடித்து வண்டியைத் தூக்கினார். நான் கேட்டபடி எழுத்தர் பம்பர் உயரத்துக்குச் சுற்றுச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். நிலையத்தின் நீல பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அப்பாவின் மார்பு இருக்கும் இடத்தில், இரும்புக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். அப்போது மணி பத்து நாற்பது. ஐந்து நிமிடம் கழித்து சித்தப்பா, "பாத்தீங்களா சார், மலை மாதிரி நிக்குது" என்றார். கோட்டுக்கும் பம்பருக்கும் நடுவே அதற்குள் நூலளவு சுவர் தெரிந்தது. அதை நான் சொல்லவில்லை. பத்து ஐம்பத்தெட்டுக்கு வாளி முனகியது. பதினொன்று ஐந்துக்கு அது நடுவில் வெடித்துப் பிளந்தது. யாரும் ஜாக்கைத் தொட்டிருக்கவில்லை.

ஆய்வாளர் சித்தப்பாவைப் பார்த்து, "இப்ப படுக்கறீங்களா?" என்று கேட்டார். அப்பா குனிந்து வாளியின் ஒரு துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். வராந்தா பெஞ்சில் இருந்த பங்சர் கடை அண்ணன், "சார், என்னை விட்டுட்டு அந்த ஜாக்கைப் புடிச்சு உள்ள போடுங்க!" என்று கத்தினார். காவலர்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை நான் முதலில் சிரித்தேன்.

ஜாக்கை எடுத்தது நான்தான். பங்சர் கடை அண்ணனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டி, தாளையும் கையில் கொடுத்தார். இரண்டு பிழைகள் இருந்தன, திருத்தினேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே என்பதற்கு என் கையெழுத்து:

(ஒப்பம்)

பின்குறிப்பு, அதே நாள் மாலை, எழுத்தர் பதிந்தது: புகார்தாரர் புகாரைத் திரும்பப் பெற்றார். பங்சர் கடைக்காரர் பிற்பகலில் கடை திறந்தார். நிலையத்துக்குப் புது வாளி ஒன்று வந்து சேர்ந்தது. மேற்படி குடும்பத்தினர் மூன்று டன் ஜாக் ஒன்றும் ஸ்டாண்டுகள் இரண்டும் வாங்கிச் சென்றதாகக் கடைக்காரர் தெரிவித்தார். கடையில் உயரத்தை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் மேற்படி பெண். ஜாக்கை வண்டியில் தூக்கி வைத்தவர் சித்தப்பா.