மடியில் இரண்டு அந்தூரியம்

உப்புவெளிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் பூத்த அந்தூரியச் சாடிகள் இரண்டு. இரண்டிலும் மண் தெரியாமல் வெள்ளைக் கல் பரப்பியிருந்தது.

"தங்கச்சி, இதில ஒண்டு போன வருசம் சந்தையில அழுகின பூசணிக்காய்," என்றார் அவர்.

"என்னக்கா கதை இது?"

"சந்தைக் குப்பையை உக்க வைச்சு அதில நட்டனான். மற்றது பீட், கப்பலில வாற விலை கூடின சதுப்பு மண். உப்புவெளி விடுதி முதலாளி ஐயாவுக்குப் பீட்தான் வேணுமாம், குப்பையில இப்பிடிப் பூ வராதாம். ரெண்டையும் காட்டப் போறன். குப்பைச் சாடி அவருக்குப் பிடிச்சா விடுதி முழுக்க என்ர செடிதான். பீட் வாங்கி வளர்க்க எனக்கு ஏலாது."

"எது பீட்?"

"வலப்பக்கம்."

பஸ் சடாரென நின்றது. சரிந்த சாடிகளை இளையவர் பாய்ந்து பிடித்து, மடியில் திருப்பி வைத்தார். மூத்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ, இப்ப எது எது? கல்லைக் கிண்டிப் பாக்கட்டே?"

"கிண்டாதேங்கோ அக்கா! வளர்த்த உங்களுக்கே தெரியேல்ல. அவருக்கு எப்பிடித் தெரியும்?"

மூத்தவர் கல்லில் வைத்த விரலை எடுத்தார். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"ஓமடி! முதல் அவர் ஒண்டை எடுக்கட்டும். பிறகு அவரையே கிண்டச் சொல்லுறன்."

"பீட்டை எடுத்திட்டா?"

"மற்றதில என்ன குறை எண்டு காட்டச் சொல்லுவன். எனக்கே தெரியேல்லையே!"